பழைய கம்பெனி பி.எஃப். கணக்கு: எந்த வழியில் தேடுவது, கிடைத்ததும் என்ன செய்வது

வேலை மாறும்போது பழைய கம்பெனியின் பி.எஃப். கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, 2014 அக்டோபருக்கு முன்பு வேலையை விட்டவர்களுக்கு. அந்த மாதம்தான் யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த ஒரே எண்ணின் கீழ் எல்லாக் கணக்குகளும் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியிலும் புதிய கணக்கு எண். மூன்று கம்பெனி மாறியவருக்கு மூன்று எண்கள், மூன்று பதிவேடுகள், சில சமயம் மூன்று ஊர் அலுவலகங்கள்.

"எப்போதோ விட்டது, வட்டியும் நின்றிருக்கும், ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, போகட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டு விஷயங்கள் தவறு. 2011 ஏப்ரல் முதல், 36 மாதம் பணம் வராத கணக்குக்கு வட்டி கிடையாது என்று இருந்தது உண்மைதான். 2016 நவம்பரில் அது மாறியது. இப்போது வேலையை இடையில் விட்டவரின் கணக்குக்கு 58 வயது வரை வட்டி உண்டு. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். இன்னொன்று, அந்தக் கணக்கில் இருப்பது பணம் மட்டுமில்லை. ஓய்வூதியத்துக்கான பணிக்காலமும் அதில் இருக்கிறது. தேடுவதற்கு எந்த வழி, கிடைத்ததும் எடுப்பதா மாற்றுவதா என்ற இரண்டு கேள்விகளிலும், அந்தப் பணிக்காலத்தை மனதில் வைத்து முடிவெடுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

முதலில் எண், பிறகுதான் வழி

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது பழைய உறுப்பினர் எண். அது வீட்டிலேயே கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழைய சம்பளச் சீட்டு, வருடத்துக்கு ஒருமுறை கொடுத்த பி.எஃப். ஸ்லிப், வேலையை விட்டபோது வந்த கணக்கு முடிப்புத் தாள் ஆகியவற்றில் பாருங்கள். சென்னை அலுவலகத்துக்கு உட்பட்ட கம்பெனி என்றால் எண் "டி.என்./எம்.ஏ.எஸ்." என்று தொடங்கும். அடுத்து கம்பெனிக்கான குறியீடு, கடைசியில் உங்களுக்கான எண்.

காகிதம் எதுவும் இல்லையா? அப்படியானால் அதே கம்பெனியில் உங்களோடு வேலை செய்த ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய எண்ணில் கடைசிப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும். அதுவும் முடியாவிட்டால், பி.எஃப். இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பகுதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரைப் போட்டால் குறியீடும், அது எந்த அலுவலகத்துக்கு உட்பட்டது என்பதும் வரும். மூடிப்போன கம்பெனிகளும் அதில் அகப்படுவதுண்டு.

இங்கே ஒரு விஷயத்தில் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். வேலை செய்தது பெரிய தொழிற்சாலையில்; ஆனால் சம்பளம் கொடுத்தது ஒப்பந்தக்காரர். பி.எஃப். அந்த ஒப்பந்தக்காரரின் குறியீட்டில்தான் கட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலையின் பெயரில் தேடினால் கடைசிவரை கிடைக்காது. சம்பளச் சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒப்பந்தக்காரர் பிடித்த பணத்தைக் கட்டாமலே போயிருந்தால், அதற்கு வேலை வாங்கிய முதன்மை நிறுவனமும் பொறுப்பு. ஆகவே பெரிய கம்பெனியின் அடையாள அட்டை, கேட் பாஸ் போன்றவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

வழிகளை ஒப்பிட்டால்

இணையதளமும் உமங் செயலியும்தான் எல்லாரும் முதலில் போகும் இடம். 2014க்குப் பிறகான வேலை என்றால் அதுவே போதும். யு.ஏ.என். மறந்திருந்தால் ஆதாரையோ பான் எண்ணையோ உறுப்பினர் எண்ணையோ கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். பாஸ்புக்கைத் திறந்தால் எந்தெந்தக் கம்பெனி, எந்த மாதம் வரை பணம் கட்டியது என்பதெல்லாம் தெரியும். வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி பதிவு செய்யவில்லை என்றால், கடைசியாகப் பணம் வந்து இரண்டு மாதம் ஆனபிறகு நீங்களே அதைப் பதிவு செய்யும் வசதி 2020 முதல் இருக்கிறது. முன்பெல்லாம் இந்த ஒரு தேதிக்காகக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் 2014க்கு முன் முடிந்துபோன கணக்குக்கு யு.ஏ.என். உருவாகியே இருக்காது. தளத்தில் எவ்வளவு தட்டினாலும் "தகவல் இல்லை" என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பணம் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணினிக்கு உங்கள் ஆதாருக்கும் அந்தப் பழைய எண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் நம்மூருக்கே உரியது: இனிஷியல். பழைய பி.எஃப். பதிவில் "முருகன் கே" என்று இருக்கும். ஆதாரில் "முருகன் கந்தசாமி" என்று அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பெண்களுக்கு இன்னும் சிரமம். முதல் வேலையில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல் அல்லது பெயர். பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பி.எஃப். பதிவில் ஒன்று என்று இருக்கலாம். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தும் இணைக்க முடியாமல் நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம். இதற்குக் கூட்டு உறுதிமொழி என்று ஒரு விண்ணப்பம் உண்டு. 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு கிடைத்த யு.ஏ.என். என்றால், 2025 ஜனவரி முதல் பெரும்பாலான திருத்தங்களை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய எண் என்றால் கம்பெனியோ பி.எஃப். அலுவலகமோ ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய கம்பெனி இன்னும் நடக்கிறது என்றால், அதன் ஹெச்.ஆர். அல்லது கணக்குப் பிரிவைக் கேட்பது நல்ல வழி. நேரில் போய்க் கேட்பதைவிட மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ கேளுங்கள். பணியாளர் எண், சேர்ந்த தேதி, விட்ட தேதி, அப்பா பெயர் ஆகிய நான்கையும் முதல் கடிதத்திலேயே கொடுத்துவிட்டால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தேட எளிது. அவர் உங்கள் காலத்தில் அங்கே இருந்திருக்கவே மாட்டார். கம்பெனி கைமாறியோ பெயர் மாறியோ இருந்தால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் பதிவு முகவரியையும், நடப்பில் இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா, கலைப்பில் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். பதில் வந்தால் மற்ற எந்த வழியையும்விட இது வேகமானது. பதில் வராவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அடுத்த வழிக்குப் போங்கள்.

சில பெரிய கம்பெனிகள் பி.எஃப்.பை அரசு அலுவலகத்தில் கட்டாமல் சொந்த டிரஸ்ட் வைத்து நடத்துகின்றன. அந்தப் பணத்தைப் பற்றி பி.எஃப். அலுவலகத்தில் கேட்டால் டிரஸ்டைக் கேட்கச் சொல்வார்கள். டிரஸ்டைக் கேட்டால், ஓய்வூதியம் எங்களிடம் இல்லை என்பார்கள். இரண்டும் சரிதான். வைப்பு நிதி டிரஸ்டில் இருக்கும், ஓய்வூதியப் பங்கு அரசிடம் போயிருக்கும். இரண்டு இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போவது

இதைத்தான் ஜனங்கள் கடைசி வழியாக வைத்திருக்கிறார்கள். 2014க்கு முந்தைய கணக்குக்கும் மூடிப்போன கம்பெனிக்கும் இதையே முதல் வழியாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காலத்தில் கம்பெனிகள் வருடந்தோறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித் தாளில், மாதவாரியாக எவ்வளவு பிடித்தம் என்று கணக்கு கொடுத்தன. 3ஏ படிவம் என்பார்கள். ஆதாரும் செல்பேசி எண்ணும் பதிவாகாத காலத்துக் கணக்கை உங்களோடு இணைக்க, அலுவலகத்தில் இருக்கும் இந்த மாதிரிப் பதிவுகளே ஆதாரம். செயலியால் செய்ய முடியாத வேலை இது.

எந்த அலுவலகம் என்பதைக் கம்பெனியின் குறியீடு தீர்மானிக்கிறது. சென்னையில் ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம் என்று தனித்தனியாக இருக்கின்றன. கோவை, மதுரை, சேலம், திருச்சி, திருநெல்வேலி, வேலூர் எனப் பிற ஊர்களிலும் உண்டு. நீங்கள் வேலை செய்த ஊரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓசூரில் வேலை பார்த்திருப்பீர்கள், கம்பெனியின் தலைமையகம் பெங்களூரு என்பதால் கணக்கு அங்கே இருக்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடக்கிறது. "நிதி ஆப்கே நிகட்" என்று பெயர். 27 விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்.

போகும்போது பழைய சம்பளச் சீட்டு, நியமன ஆணை, பணி விடுவிப்புக் கடிதம், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து மூலமான மனு ஒன்றும் வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும். மனுவின் நகலில் சீல் வாங்கினால், கேட்டதற்குச் சாட்சி இருக்கும். கம்பெனி மூடிவிட்டது, கையெழுத்துப் போட ஆளில்லை என்றால், வங்கி மேலாளர், கெசட்டட் அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பத்தை ஏற்பதற்கு விதியில் இடம் இருக்கிறது. "கம்பெனி கையெழுத்து இல்லாமல் நடக்காது" என்று யாராவது சொன்னால் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இந்த வழியின் குறை நேரம். அரை நாள், சில சமயம் முழு நாள் போய்விடும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது சம்பள இழப்பு. அதனால்தான் எண்ணையும் அலுவலகத்தையும் வீட்டிலிருந்தே உறுதிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும் என்கிறேன்.

இணையத்தில் குறை பதிவது வேறு வகை. பி.எஃப். நிறுவனத்துக்கென்று தனிக் குறைதீர் தளம் இருக்கிறது, யு.ஏ.என். இல்லாதவரும் அதில் பதியலாம். தேடித் தரச் சொல்வதற்கு இது அவ்வளவாக உதவாது. கணக்கு தெரிந்தபிறகு கிளைம் தேங்கினால் நன்றாக வேலை செய்யும். முழுமையான விண்ணப்பத்தை 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தேடுவதற்கு இதைவிடக் கூர்மையான கருவி தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர வேண்டிய காலம் 30 நாள். இணையத்திலேயே அனுப்பலாம். "என் பணம் என்ன ஆயிற்று" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். இந்த உறுப்பினர் எண்ணில் இன்றுள்ள இருப்பு எவ்வளவு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பணம் வந்திருக்கிறது, யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால் எந்தத் தேதியில் எந்த வங்கிக்குப் போனது, பணிக்காலம் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று வரிசை எண் போட்டுக் கேளுங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்து, நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தரும் ஏஜெண்டுகள் நிறைய. இ-சேவை மையத்தில் படிவம் நிரப்பச் சிறு தொகை கொடுப்பதில் தவறில்லை. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். தேடுவதற்கோ எடுப்பதற்கோ பி.எஃப். அலுவலகம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. ஆதார் ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் இன்னொருவரிடம் கொடுத்தால், அந்தப் பழைய கணக்கோடு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கணக்கும் அவர் கைக்குப் போய்விடுகிறது. வழக்கறிஞர் வேண்டியது, கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை என்கிற நிலையில்தான். பி.எஃப். உறுப்பினர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லியிருப்பதால், அலுவலகத்தின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

கிடைத்துவிட்டது, எடுப்பதா மாற்றுவதா?

பெரும்பாலோர் கிடைத்த சந்தோஷத்தில் எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணக்கில் இரண்டு பங்குகள் இருக்கின்றன. உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதமும், கம்பெனி கட்டியதில் 3.67 சதவீதமும் வைப்பு நிதி. கம்பெனி பங்கில் மீதி 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. முதல் பங்குக்கு வட்டி உண்டு. இரண்டாவதற்கு வட்டி கிடையாது. அதன் மதிப்பு வருடங்களில்தான். 10 வருடப் பணிக்காலம் சேர்ந்தால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுவதும் மாத ஓய்வூதியம். 10க்குக் குறைந்தால் ஒருமுறை மட்டும் ஒரு தொகை.

ஒருவர் 2008 முதல் 2012 வரை 4 வருடம் ஒரு கம்பெனியில் இருந்தார், அப்போது ஓய்வூதியத்துக்கான சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். பிறகு 2016 முதல் 2023 வரை 7 வருடம் இன்னொரு கம்பெனியில், உச்சவரம்பு 15,000 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக எடுத்தால், விதியில் உள்ள பட்டியலின்படி முதலாவதற்கு 6,500ஐ 4.18ஆல் பெருக்கி 27,170 ரூபாய். இரண்டாவதற்கு 15,000ஐ 7.54ஆல் பெருக்கி 1,13,100 ரூபாய். மொத்தம் 1,40,270, அதோடு முடிந்தது. சேர்த்துவிட்டால் 11 வருடம். ஓய்வூதியக் கணக்குப்படி 6,500 பெருக்கல் 4, 15,000 பெருக்கல் 7, இரண்டையும் கூட்டி 70ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,871 ரூபாய். ஆறேகால் வருடத்தில் அந்த மொத்தத் தொகை திரும்ப வந்துவிடும். அதற்குப் பிறகு ஆயுள் உள்ளவரை, அப்புறம் கணவருக்கோ மனைவிக்கோ அதில் பாதி அளவில் குடும்ப ஓய்வூதியம். 1,871 பெரிய தொகை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த 27,170ஐ எடுக்க ஆசைப்பட்டால், மீதி 7 வருடமும் ஓய்வூதியம் தராத வருடங்களாகிவிடும்.

ஆகவே இப்போது வேலையில் இருப்பவர் பழைய கணக்கைப் புதியதோடு இணைத்துவிட வேண்டும். வேறு யோசனையே வேண்டாம் என்பேன். வரிக்கும் அது நல்லது. மொத்தம் 5 வருடத் தொடர் பணி ஆகாமல் எடுத்தால் வரி உண்டு, 50,000 ரூபாய்க்கு மேல் போனால் எடுக்கும்போதே 10 சதவீதம் பிடிப்பார்கள். மாற்றினால் பழைய வருடங்களும் அந்த 5இல் சேரும். மாற்றியபிறகு புதிய பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு பூஜ்யம் என்று காட்டும். பயப்பட வேண்டாம். அந்தப் பங்கில் பணம் நகர்வதில்லை, பணிக்காலம் மட்டும்தான் நகர்கிறது. சேவை விவரப் பக்கத்தில் பழைய வருடங்கள் ஏறியிருக்கின்றனவா என்பதைப் பார்த்தால் போதும்.

இப்போது வேலையில் இல்லை, பணம் தேவை, ஆனால் பிறகு வேலைக்குப் போகலாம் என்பவருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. வைப்பு நிதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 10சி படிவத்தில் ஓய்வூதியப் பங்குக்குப் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அடுத்த கம்பெனியில் அதைக் கொடுத்தால் பழைய வருடங்கள் தொடரும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பலர் பணமாக வாங்கிவிடுகிறார்கள்.

சும்மா விட்டுவைப்பதற்கு நான் ஆதரவில்லை. 58 வரை வட்டி வரும் என்றாலும், செயல்படாத கணக்கு என்று ஆகி 7 வருடம் யாரும் கேட்காவிட்டால் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அதன்பிறகும் 25 வருடம் வரை கோரலாம், உரிமை போகாது, அலைச்சல்தான் கூடும்.

உறுப்பினரே இறந்துவிட்டார், குடும்பம் தேடுகிறது என்றால் இந்த வரிசை மாறும். அவர் இணையத்தில் நாமினியைப் பதிந்திருந்தால் தவிர, ஆதார் ஓ.டி.பி. வழி அவர்களுக்குப் பயன்படாது, நேராக அலுவலகம்தான். வைப்பு நிதிக்கு 20ஆம் எண் படிவம், குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் 5ஐ.எஃப். படிவத்தில் காப்பீடும் கேட்க வேண்டும். அது இப்போது 7 லட்சம் வரை. இந்த மூன்றையும் ஒரே நாளில் கொடுங்கள், ஏனென்றால் ஒன்றைக் கேட்டால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடாது. 25 வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகளுக்கும் தனியாக ஓய்வூதியம் உண்டு. குடும்ப ஓய்வூதியம் உறுப்பினர் இறந்ததற்கு மறுநாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டியது, நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல. உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.